மெல்வின் பெல்லி

மெல்வின் மூரோன் பெல்லி (ஜூலை 29, 1907 – ஜூலை 9, 1996) ஐக்கிய அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற வழக்குரைஞர் ஆவார். மருத்துவரின் கவனக்குறைவு, மருந்து நிறுவனங்களின் தவறு, விபத்து ஆகியவற்றால் உடல் ஊனமுற்றோருக்காக வாதாடி, அதுவரை கேள்விப்படாத அளவில் இழப்பீடு பெற்றுத் தந்தவர். ஒருவரது கவனக்குறைவால் இன்னொருவருக்கு விளையும் கேட்டிற்கு ஈடு கோரும் சட்டப் பிரிவு தீங்கியல் சட்டம் எனப்படும். இத்துறையில் இவருக்கு இருந்த செல்வாக்கைக் கருதி, லைஃப் இதழ் 1954ஆம் ஆண்டு இவரைத் தீங்கியலின் அரசர் எனக் குறிப்பிட்டது. அப்பெயரே இறுதிவரை நிலைத்தது. தம் குடும்பப் பெயரை இவர் பெல்லை என்று உச்சரித்தார். எனினும் எழுத்துக்கூட்டலைப் பின்பற்றிப் பெல்லி என எழுதுவதே இங்குக் கைக்கொள்ளப்படுகிறது.

பொதுமக்களில் பலர் இவரை அறிந்திருப்பது வேறொரு காரணத்தால். குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியைக் கொன்றதாகக் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டைச் சுட்டுக் கொன்ற ஜாக் ரூபிக்காக 1964ஆம் ஆண்டு இவர் வாதாடினார். அவ்வழக்கில் இவர் தோற்றார். ஆனால் சட்ட வரலாற்றில் இவருக்குரிய இடம், அதற்கு முன்பே மருத்துவமும் சட்டமும் சந்திக்கும் வழக்குகளில் அமைந்துவிட்டது.

பிறப்பும் இளமையும்

கலிஃபோர்னியாவின் சியரா மலையடிவாரத்தில், தங்க வேட்டைக் காலத்தில் தோன்றிய சோனோரா என்னும் சிற்றூரில் பெல்லி பிறந்தார். இவரது குடும்பம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இத்தாலிய மரபினது. தந்தை வங்கித் தொழிலில் இருந்தார். பாட்டி அன்னா மூரோன் கலிஃபோர்னியாவின் முதல் பெண் மருந்தாளுநர் எனப் போற்றப்படுகிறார். பின்னர் குடும்பம் ஸ்டாக்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக் கல்வியை அங்கு முடித்த பெல்லி, பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1929ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். ஓராண்டு உலகைச் சுற்றி வந்தபின் அதே பல்கலைக்கழகத்தின் போல்ட் ஹால் சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1933இல் சட்டப் பட்டம் பெற்றார்.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். புதிய வழக்குரைஞர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. பெல்லிக்குக் கிடைத்த முதல் வேலை விந்தையானது. வேலையின்றி ஊர் ஊராக அலைவோரின் நிலையை அறிந்து கூறுவதற்காக, நடுவண் அரசு இவரை நாடோடி வேடத்தில் அனுப்பியது. சரக்குத் தொடர்வண்டிகளில் ஏறி, திறந்த வெளியில் உறங்கி இவர் அறிக்கை தந்தார்.

சிறைவாசிகளின் வழக்குகள்

சான் பிரான்சிஸ்கோவில் தொழில் தொடங்கிய பெல்லிக்கு ஊதியம் தரக்கூடிய கட்சிக்காரர்கள் எளிதில் வரவில்லை. சான் குவென்டின் சிறையின் கத்தோலிக்கக் குருவானவர் வழியாக, தூக்குத் தண்டனை எதிர்நோக்கியிருந்த கைதிகள் சிலரின் வழக்குகள் வந்தன. பெரும்பாலும் பணம் கிடைக்காத வழக்குகள் இவை. ஆயினும் பின்னாளில் இவரது அடையாளமாக மாறிய உத்தியை இவர் இங்குதான் கண்டறிந்தார்.

சிறைக்குள் சக கைதி ஒருவரைக் கொன்றதாக ஒரு கைதி மீது வழக்கு. தற்காப்புக்காகவே தாக்கியதாக அவர் கூறினார். கடும் காவலுள்ள சிறையில் மற்றவரிடம் கத்தி இருந்திருக்கும் என்பதை ஜூரி நம்ப மறுக்கும் என்று தோன்றியது. கைதிகளிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டு ஓர் இழுப்பறையில் போட்டு வைக்கப்பட்டிருந்த கத்திகளை நீதிமன்றத்திற்குக் கொண்டுவரச் செய்தார் பெல்லி. நூற்றுக்கும் மேற்பட்ட கத்திகள் இருந்த அந்த இழுப்பறை ஜூரர்களின் முன் கவிழ்க்கப்பட்டது. சிறைக்குள் ஒவ்வொருவரும் அஞ்சி வாழும் நிலையை விளக்க அதற்குமேல் சொற்கள் தேவைப்படவில்லை. கண்ணால் காண்பது காதால் கேட்பதைவிட ஆழமாகப் பதியும் என்பது எவரும் அறிந்ததே. அதை நீதிமன்ற விதிகளுக்கு உட்பட்ட ஒரு முறையாக வளர்த்தெடுத்ததில்தான் இவரது தனித்தன்மை உள்ளது.

காட்சிச் சான்று

1940களில் நடந்த ஒரு வழக்கு இம்முறையை நாடறியச் செய்தது. சான் பிரான்சிஸ்கோ நகரத் தெருவண்டியில் அடிபட்டு ஓர் இளம்பெண் காலை இழந்திருந்தார். முதல் விசாரணையில் ஜூரி 65,000 டாலர் வழங்கியது. தொகை மிகை என எதிர்த்தரப்பு முறையிட்டதால் மறு விசாரணை நடந்தது. அதன்போது, கசாப்புக் கடைத் தாளில் சுற்றி நூலால் கட்டப்பட்ட நீண்ட பொதி ஒன்று நாள்தோறும் பெல்லியின் மேசைமீது இருந்தது. அதன் வளைந்த வடிவம் ஒரு காலை நினைவூட்டியது. வெட்டப்பட்ட காலையே கொண்டுவந்துவிட்டாரோ என ஜூரர்கள் ஐயுறும் அளவிற்கு அதை இவர் தொடாமல் வைத்திருந்தார். இறுதி வாதத்தில் மெல்ல முடிச்சுகளை அவிழ்த்தபோது உள்ளே இருந்தது ஒரு செயற்கைக் கால். அதை முதல் ஜூரரின் மடியில் வைத்து, ஒவ்வொருவரும் கையில் வாங்கி எடை பார்க்கச் செய்தார். வாழ்நாள் முழுதும் அதைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியவரின் நிலையை எண்ணுமாறு வேண்டினார். தொகையைக் குறைப்பதற்காகக் கேட்கப்பட்ட மறு விசாரணையில் அது 100,000 டாலராக உயர்ந்தது.

மனித எலும்புக்கூடு, எக்ஸ்-கதிர்ப் படங்களின் பெரிதாக்கிய படிகள், உடலுறுப்புகளின் மாதிரிகள், கரும்பலகை ஆகியவை இவரது நீதிமன்றக் கருவிகளாயின. எல்மர் எனப் பெயரிட்ட எலும்புக்கூடு ஒன்று இவரது அலுவலகத்தில் நின்றது. கரும்பலகையின் பயன் வேறு வகையானது. வலிக்கு விலை கூறுவது எப்படி என்பது தீங்கியலின் பழைய சிக்கல். பெல்லி அதை நாட்கணக்காகப் பிரித்தார். எடுத்துக்காட்டாக, ஒரு நாள் வேதனைக்கு 5 டாலர் என்பது எவருக்கும் மிகையாகத் தோன்றாது. இன்னும் 30 ஆண்டுகள் வாழவேண்டியவருக்கு அக்கணக்கில் 54,750 டாலர் ஆகிறது. இவ்வாறு கணக்கிட்டுக் காட்டுவது ஜூரியைத் திசைதிருப்பும் என்று சில மாநில நீதிமன்றங்கள் கருதின. நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1958இல் இதற்குத் தடை விதித்தது. கலிஃபோர்னியா உள்ளிட்ட பிற இடங்களில் இம்முறை பரவியது.

1944ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த எஸ்கோலா எதிர் கோகோ கோலா வழக்கிலும் பெல்லியே வாதியின் வழக்குரைஞர். உணவகப் பணிப்பெண் ஒருவர் குளிர்பதனப் பெட்டியில் வைக்க எடுத்த புட்டி அவர் கையிலேயே வெடித்துக் காயப்படுத்தியது. நிறுவனம் எங்கு, எவ்வாறு தவறியது என்று அவரால் மெய்ப்பிக்க இயலாது. இத்தகைய நிகழ்வு தவறின்றி நடவாது என்பதே போதும் என நீதிமன்றம் ஏற்றது. நீதியரசர் ரோஜர் டிரெய்னர் தனியே எழுதிய இசைவுத் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறையுள்ள பொருளைச் சந்தைக்கு அனுப்பியவரே பொறுப்பு என்பது அவர் கருத்து. 1963இல் இக்கருத்து கலிஃபோர்னியாவின் சட்டமாகவே ஆனது.

மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள்

மருத்துவர்மீது வழக்குத் தொடுப்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏறக்குறைய இயலாத செயலாக இருந்தது. சட்டம் தடுத்ததால் அன்று, சாட்சி கிடைக்காததால். சிகிச்சையில் நேர்ந்த தவறு எது என்பதை மற்றொரு மருத்துவர் நீதிமன்றத்தில் வந்து கூறவேண்டும். அவரும் அதே வட்டாரத்தின் மருத்துவ வழக்கத்தை அறிந்தவராக இருத்தல் வேண்டும் எனப் பல நீதிமன்றங்கள் எதிர்பார்த்தன. ஒரே ஊரில், ஒரே மருத்துவமனையில், ஒரே சங்கத்தில் இருப்பவர் தம் தோழருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முன்வருவதில்லை. முன்வந்தவர் நோயாளிகளின் பரிந்துரையையும் காப்பீட்டையும் இழக்க நேரிடலாம். மருத்துவ நூல்களைச் சான்றாக வாசித்துக் காட்டவும் அன்றைய விதிகள் எளிதில் இடம் தரவில்லை. ஆகவே பாதிக்கப்பட்டவர் கண்முன் இருந்தும் வழக்கு விசாரணை நிலையைக்கூட எட்டாமல் தள்ளுபடியாகும்.

இந்த மௌனத்தைப் பெல்லி வெளிப்படையாகத் தாக்கினார். 1950களில் சட்ட இதழ்களில் எழுதியும் ஊர் ஊராகச் சென்று பேசியும் இதனை மருத்துவர்களின் மௌனச் சதி என்று குற்றஞ்சாட்டினார். நீதிமன்றத்தில் இவர் கையாண்ட வழிகள் பல. தொலைவிலிருந்து நிபுணர்களை வரவழைத்தல் ஒன்று. குற்றஞ்சாட்டப்பட்ட மருத்துவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, அவர் வாயாலேயே ஏற்கத்தக்க சிகிச்சை முறை எது என்பதைச் சொல்லச் செய்து, அதிலிருந்து அவர் எங்கு விலகினார் என்று காட்டுதல் மற்றொன்று. இதற்கு வழக்குரைஞர் மருத்துவம் அறிந்திருக்க வேண்டும். பெல்லி உடற்கூறும் அறுவை முறைகளும் குறித்த நூல்களை முறையாகப் படித்தார். தம் உதவியாளர்களும் படிக்க வேண்டுமென வற்புறுத்தினார்.

இவருக்கு வெளியிலிருந்தும் காற்று சாதகமாக வீசியது. 1944இன் இறுதியில், குடல்வால் அறுவைக்காக மயக்கமுற்றிருந்த நோயாளிக்குத் தோளில் ஊனம் ஏற்பட்ட வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒரு தீர்ப்பை வழங்கியது. மயக்கத்தில் இருந்தவர் யார் தவறினர் என்று எவ்வாறு கூற முடியும்? எனவே அறுவை அறையில் இருந்தோரே விளக்கம் தரவேண்டும் என அது கூறியது. அந்த வழக்கு பெல்லி நடத்தியதன்று. ஆனால் அது திறந்துவிட்ட வழியை அவரளவுக்குப் பயன்படுத்தியவர் அரிது.

1940களின் இறுதியில் மார்பகச் சீரமைப்பு அறுவையால் உருக்குலைந்த ஒரு பெண்ணின் வழக்கை இவர் நடத்தினார். ஒளிப்படங்களும் சொற்களும் போதா என்று கருதிய பெல்லி, நீதிபதியின் தனியறையில் ஜூரர்கள் அப்பெண்ணின் வடுக்களை நேரில் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்தார். ஜூரி 115,000 டாலர் வழங்கியது. மருத்துவக் கவனக்குறைவு வழக்கில் அக்காலத்தில் இது மிகப் பெரிய தொகை. துன்புற்ற ஒருவரை அந்நிலைக்கு உள்ளாக்குவது முறையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. உண்மையை மறைத்து நாகரிகம் காப்பதைவிட இதுவே மேல் என்பது பெல்லியின் நிலைப்பாடு.

கட்டர் தடுப்பு மருந்து வழக்கு

பெல்லி நடத்திய வழக்குகளுள் பின்விளைவுகளால் மிகப் பெரியது இது எனலாம். 1955 ஏப்ரல் 12 அன்று ஜோனாஸ் சால்க் உருவாக்கிய இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து பயனுடையது என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவெங்கும் கோயில் மணிகள் ஒலித்தன. அன்றே மருந்து நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று பெர்க்லியில் இருந்த கட்டர் ஆய்வகம்.

சால்க் முறையில் போலியோ வைரஸ் ஃபார்மால்டிஹைடு கொண்டு செயலிழக்கச் செய்யப்படும். ஆனால் கட்டர் தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் உயிருடன் எஞ்சியிருந்தது. வடிகட்டுதலில் குறை இருந்ததால் உயிரணுச் சிதைவுகளுக்குள் ஒளிந்த வைரஸை வேதிப்பொருள் எட்டவில்லை எனப் பின்னர் விளக்கப்பட்டது. அன்றைய பாதுகாப்புச் சோதனைகளும் அதைக் கண்டுபிடிக்கும் அளவிற்கு நுட்பமானவையாக இல்லை. ஏறத்தாழ 120,000 ஊசிகளில் உயிருள்ள வைரஸ் இருந்ததாகக் கணிக்கப்படுகிறது. சுமார் 40,000 குழந்தைகளுக்கு நோயின் இலேசான வடிவம் வந்தது. ஊசி போடப்பட்டவர்களும் அவர்களிடமிருந்து தொற்றியவர்களுமாக ஏறக்குறைய 200 பேர் வாதத்தால் முடங்கினர். 10 பேர் இறந்தனர். ஏப்ரல் 27 அன்று கட்டரின் மருந்து திரும்பப் பெறப்பட்டது.

சாண்டா பார்பராவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கால்கள் முடங்கிய நிலையில் இருந்தாள். அவளுடைய பெற்றோர் பெல்லியை நாடினர். மற்றொரு சிறுவனின் வழக்கும் அதனுடன் இணைக்கப்பட்டு, 1957இன் பிற்பகுதியில் ஓக்லாந்தில் விசாரணை தொடங்கியது. பெல்லி இரு வாதங்களை முன்வைத்தார். நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்பது முதலாவது. இரண்டாவது, விற்கப்படும் மருந்து அதற்குரிய பயனுக்குத் தகுதியானது என்ற உறுதிமொழி, சொல்லப்படாவிட்டாலும் விற்பனையிலேயே அடங்கியுள்ளது. அது மீறப்பட்டது என்பது. நோயைத் தடுப்பதற்காகப் போடப்பட்ட மருந்தே நோயைத் தந்தது என்பதால் இரண்டாம் வாதம் கேட்பதற்கு மிக எளியதாக இருந்தது.

நிறுவனம் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அரசு வகுத்த விதிகளின்படியே மருந்து செய்யப்பட்டது, அன்றைய அறிவியலுக்கு அதற்குமேல் தெரியாது என்று வாதிட்டது. மேலும், மருந்தை நிறுவனத்திடமிருந்து குழந்தைகளோ பெற்றோரோ நேரடியாக வாங்கவில்லை. வாங்காதவர்க்கு உறுதிமொழி இல்லை என்பது பழைய சட்டம்.

1958 ஜனவரி 17 அன்று ஜூரி அளித்த முடிவு இரு தரப்பையும் வியப்பில் ஆழ்த்தியது. நிறுவனம் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று ஜூரர்கள் கண்டனர். ஆயினும் உறுதிமொழி குறித்து நீதிபதி விளக்கிய சட்டத்தின்படி வேறு வழியில்லை என்று கூறி, இரு குழந்தைகளுக்கும் சேர்த்து 147,300 டாலர் வழங்கினர். 1960இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. உணவுப் பொருளுக்கு ஏற்கனவே இருந்த விதிவிலக்கைத் தடுப்பு மருந்துக்கும் அது நீட்டித்தது. உடலுக்குள் செல்வது வாய் வழியாகவா ஊசி வழியாகவா என்பதில் வேறுபாடு இல்லை என்பதே அதன் கருத்தின் சாரம்.

தவறு செய்யாதவரும் ஈடு தரவேண்டும் என்ற இந்தக் கோட்பாடு ஊனமுற்ற குழந்தைகளுக்கு நீதி வழங்கியது. அதே வேளையில், தடுப்பு மருந்து தயாரிப்பதையே இடர் மிகுந்த வணிகமாக்கியது. அடுத்த பத்தாண்டுகளில் வழக்குகள் பெருகவே பல நிறுவனங்கள் இத்துறையை விட்டு விலகின. தடுப்பு மருந்தால் பாதிக்கப்படும் குழந்தைகளுக்கு நீதிமன்றம் செல்லாமலேயே ஈடு வழங்கும் நிதியத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1986இல் சட்டம் இயற்றி ஏற்படுத்தியதற்கு இதுவே பின்னணி. மருத்துவரும் எழுத்தாளருமான பால் ஆஃபிட் இவ்வழக்கைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார்.

எழுத்தும் பயிற்சியும்

பெல்லியின் தாக்கம் இவர் வென்ற வழக்குகளோடு நிற்கவில்லை. 1951இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகச் சட்ட இதழில் வெளியான கட்டுரையில், அன்று வழங்கப்பட்ட இழப்பீடுகள் பணமதிப்பின் வீழ்ச்சிக்கும் துன்பத்தின் அளவிற்கும் ஏற்றவை அல்ல என்று புள்ளிவிவரங்களுடன் வாதிட்டார். 1954இல் வெளிவந்த நவீன விசாரணைகள் என்னும் பன்மடல நூல் வாதித் தரப்பு வழக்குரைஞர்களின் கையேடாக விளங்கியது. எக்ஸ்-கதிர்ப் படத்தை எப்போது காட்டுவது, நிபுணரை எவ்வாறு கேள்வி கேட்பது என்பன போன்றவற்றை அது படிப்படியாக விளக்கியது. ஆண்டுதோறும் இவர் நடத்திய பயிலரங்குகளுக்கு நாடெங்கிலுமிருந்து இளம் வழக்குரைஞர்கள் திரண்டனர். 1946இல் தொடங்கப்பட்ட வாதித் தரப்பு வழக்குரைஞர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். இச்சங்கமே பின்னர் பெயர் மாறி, 2006 முதல் நீதிக்கான அமெரிக்கச் சங்கம் எனப்படுகிறது. இவரது தன்வரலாறு 1976இல் வெளியானது.

அமெரிக்காவில் இத்தகைய வழக்குகள் பெருகியமைக்குக் கட்டண முறையும் ஒரு காரணம். கட்சிக்காரர் முன்பணம் எதுவும் தரவேண்டியதில்லை. வென்றால் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கை, பெரும்பாலும் மூன்றில் ஒன்றை, வழக்குரைஞர் பெறுவார். தோற்றால் செலவும் அவருடையதே. ஏழைக்கு நீதிமன்றக் கதவைத் திறந்தது இம்முறையே. வழக்குரைஞரைப் பெருஞ்செல்வராக்கியதும் இதுவே. இந்தியாவில் வழக்குரைஞர் மன்ற விதிகள் இதை அனுமதிப்பதில்லை.

ஜாக் ரூபி வழக்கு

ரூபிக்காகப் பெல்லி கட்டணம் பெறாமல் வாதாடினார். ஆஸ்வால்டை ரூபி சுட்டதைத் தொலைக்காட்சியில் நாடே நேரடியாகப் பார்த்திருந்தது. முன்பகையற்ற, திடீர் வெறியில் செய்த கொலை எனக் கூறி டெக்சாஸ் சட்டப்படி அதிகபட்சம் ஐந்தாண்டுச் சிறையோடு முடித்துக்கொள்ளலாம் என்பது உள்ளூர் வழக்குரைஞரின் திட்டம். பெல்லி அதை விடுத்து, தம் பழக்கப்பட்ட களமான மருத்துவத்தின் பக்கம் சென்றார். ரூபிக்கு ஒருவகை வலிப்பு நோய் இருந்தது, சுட்ட கணத்தில் அவர் தன்னறிவோடு இல்லை என்று மூளை மின்னலை வரைபடங்களைக் கொண்டும் நிபுணர்களைக் கொண்டும் நிறுவ முயன்றார்.

டாலஸ் ஜூரி இதை ஏற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் மெய்மறக்கச் செய்த நாடகத்தன்மை அங்கு அயலாரின் ஆணவமாகத் தோன்றியிருக்கக்கூடும். 1964 மார்ச் 14 அன்று, இரண்டரை மணி நேரத்திற்கும் குறைவான ஆலோசனைக்குப் பின் ஜூரி மரண தண்டனை விதித்தது. தீர்ப்பைக் கேட்டதும் நீதிமன்றத்தையும் நகரையும் பெல்லி கடுமையாகச் சாடினார். ரூபியின் குடும்பம் இவரை விலக்கியது. 1966 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கி, வேறு ஊரில் மறு விசாரணைக்கு ஆணையிட்டது. அது தொடங்குமுன்பே, 1967 ஜனவரி 3 அன்று ரூபி இறந்தார்.

பொது வாழ்வும் சர்ச்சைகளும்

சான் பிரான்சிஸ்கோவின் மான்ட்கோமரி தெருவில் தங்க வேட்டைக் காலத்துச் செங்கல் கட்டடம் ஒன்றை வாங்கிப் புதுப்பித்து அலுவலகமாக்கினார். இவர் பணிபுரிவதைத் தெருவில் செல்லும் சுற்றுலாப் பயணிகள் பெரிய சாளரம் வழியாகப் பார்க்கலாம். வழக்கில் வென்றால் கூரையில் கடற்கொள்ளையர் கொடி ஏறும், பீரங்கி முழங்கும். நடிகர் எரால் ஃபிளின், நடிகை மே வெஸ்ட், குத்துச்சண்டை வீரர் முகமது அலி போன்றோர் இவரது கட்சிக்காரர்களாய் இருந்தனர். 1968இல் ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரில் ஒரு தீய சக்தியாக நடித்தார். 1969இல், சோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட தொடர் கொலையாளியிடமிருந்து இவருக்குக் கடிதம் வந்தது. ஆறு முறை திருமணம் செய்துகொண்டார்.

இந்த ஆரவாரத்திற்கு விலையும் உண்டு. வழக்குரைஞர்கள் விளம்பரம் தேடுவதற்குத் தடை இருந்த காலத்தில், மது நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் தோன்றியதற்காகக் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974இல் இவரை 30 நாட்கள் தொழிலிலிருந்து இடைநீக்கம் செய்தது. மூன்றாண்டுகளில் நாட்டின் உச்ச நீதிமன்றமே வழக்குரைஞர் விளம்பரத்தை அனுமதித்தது வேறு கதை.

இதைவிட ஆழமானது மருத்துவர்களின் எதிர்ப்பு. காப்பீட்டுக் கட்டணம் தாங்கமுடியாத அளவு உயர்ந்ததாகக் கூறி, 1975இல் கலிஃபோர்னியாவின் மயக்க மருந்து வல்லுநர்கள் உள்ளிட்ட மருத்துவர்கள் பணி நிறுத்தம் செய்தனர். அவ்வாண்டே மாநில அரசு ஒரு சட்டம் இயற்றி, மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் வலிக்கும் வேதனைக்கும் வழங்கும் தொகைக்கு 250,000 டாலர் என வரம்பிட்டது. வழக்குரைஞரின் பங்கையும் குறைத்தது. பெல்லி கால் நூற்றாண்டாகக் கரும்பலகையில் எழுதிவந்த கணக்கு இச்சட்டத்தால் ஓர் எல்லைக்குள் அடைபட்டது. விலைவாசி ஏறியபோதும் அந்த வரம்பு ஏறக்குறைய அரை நூற்றாண்டு மாறவில்லை. 2023 முதல்தான் படிப்படியாக உயர்த்தப்பட்டு வருகிறது.

போபாலில் பெல்லி

1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் நச்சுவளி கசிந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். சில நாட்களுக்குள் பெல்லியும் வேறு சில வழக்குரைஞர்களும் மேற்கு வர்ஜீனியாவின் நடுவண் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டோர் அனைவருக்காகவும் 15 பில்லியன் டாலர் கோரி வழக்குத் தொடுத்தனர். பின்னர் 77 வயதான பெல்லி இந்தியாவிற்கு வந்தார். இவரைப் போலவே பல அமெரிக்க வழக்குரைஞர்கள் போபாலில் இறங்கி, பாதிக்கப்பட்டவர்களிடம் கையொப்பமும் கைநாட்டும் பெற்றனர். பிணங்கள் எரிந்து அடங்குமுன் வந்து சேர்ந்தவர்கள் என இரு நாட்டு ஏடுகளும் இகழ்ந்தன. ஓர் அமெரிக்க நிறுவனத்தை அமெரிக்க ஜூரியின் முன் நிறுத்துவதே ஏழைகளுக்கு உரிய ஈட்டைப் பெற்றுத்தரும் வழி என்பது இவர் தரப்பு.

இந்திய அரசு 1985 மார்ச்சில் சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்டோர் சார்பில் வழக்காடும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்குகள் அனைத்தும் நியூயார்க்கில் ஒன்றுசேர்க்கப்பட்டன. நீதிபதி ஜான் கீனன் 1986 மே மாதம் இவ்வழக்குகளை விசாரிக்க உரிய இடம் இந்தியாவே எனத் தள்ளுபடி செய்தார். 1989 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் 470 மில்லியன் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. பெல்லி முதலில் கேட்ட தொகையில் இது 30இல் ஒரு பங்குக்கும் சற்றே குறைவு. அமெரிக்காவில் விசாரணை நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி, இவரை இகழ்ந்தவர்களிடையேயும் பின்னாளில் எழுந்தது.

இறுதி ஆண்டுகள்

1989ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் மான்ட்கோமரி தெருக் கட்டடம் சேதமடைந்தது. இவரது கடைசிப் பெரும் போராட்டமும் மருத்துவம் சார்ந்ததே. சிலிக்கோன் மார்பகப் பதியங்களால் உடல்நலம் கெட்டதாகக் கூறிய நூற்றுக்கணக்கான பெண்களுக்காக டௌ கார்னிங் நிறுவனத்தை எதிர்த்தார். நிபுணர்களுக்கும் மருத்துவப் பரிசோதனைகளுக்கும் இவரது அலுவலகம் பல மில்லியன் டாலர்களை முன்கூட்டியே செலவிட்டது. 1995 மே மாதம் டௌ கார்னிங் நொடிப்பு நிலை அறிவிக்கவே ஈட்டுத் தொகைகள் முடங்கின. செலவிட்டதைத் திரும்பப் பெற வழியில்லாமல் அதே ஆண்டு டிசம்பரில் பெல்லியும் நொடிப்புப் பாதுகாப்புக் கோரினார். தோற்றால் செலவு வழக்குரைஞருடையது என்ற விதி, வாழ்நாளில் 600 மில்லியன் டாலருக்கும் மேல் இழப்பீடு பெற்றுத்தந்தவரையும் விடவில்லை. பதியங்களால் பெரும் உடல் நோய்கள் தோன்றியதற்குச் சான்றில்லை என்றும், பதித்த இடத்தில் நேரும் கோளாறுகளே மெய் என்றும் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஆய்வுக் குழு 1999இல் கூறியது. அப்போது பெல்லி உயிருடன் இல்லை.

1996 ஜூலை 9 அன்று, தம் 89ஆம் பிறந்தநாளுக்கு 20 நாட்கள் முன்பு, சான் பிரான்சிஸ்கோவிலுள்ள தம் இல்லத்தில் பெல்லி இறந்தார். கணையப் புற்றுநோயால் அவதியுற்றிருந்தார். பிறந்த ஊரான சோனோராவில் அடக்கம் செய்யப்பட்டார்.